2 நிமிடம் 24 விநாடி: குடியாத்தம் டிவி கேம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன மே மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் வெயிலில் அலையாமல் இருக்கட்டும் என்று ஒரு பழைய லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். தங்கைக்குப் பள்ளியில் அரசு கொடுத்தது. காட்பாடியில் லேப்டாப் சர்வீஸ் பார்ப்பவன் என்பதால் அதற்கு இன்னும் உயிர் வைத்திருக்கிறேன். லினக்ஸ் ஏற்றி, பழைய கேம் பெட்டியைப் போல நடிக்கும் எஃப்சிஇயுஎக்ஸ் என்ற எமுலேட்டர் நிரலைப் போட்டு, இரண்டு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் செருகிவிட்டால் எங்கள் காலத்து டிவி கேம் தயார்.

மாரியோ பாட்டு ஆரம்பித்த பத்தாவது விநாடியில் வாசலில் இருந்த அண்ணன் உள்ளே வந்தார். பெரியம்மா மகன். கைலி வியாபாரம், ஞாயிற்றுக்கிழமையானால் பஜனை கோஷ்டியில் ஆர்மோனியம்.

"டேய் தம்பி, இன்னாடா இது? இது நம்ம கேம் இல்ல."

"அதே கேம்தான் அண்ணா."

"இல்லடா. இது ஓடுது. நம்மளுது நடக்கும். பாட்டு குரலும் வேற."

சிரித்துவிட்டேன். 30 வருடத்துக்கு முந்தைய நினைவு, அப்போது அவருக்குப் பதினைந்து வயது. சின்ன வயதில் எல்லாமே மெதுவாகத்தான் நடந்திருக்கும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். எமுலேட்டரில் ஓடுவது அசல் சிப்பில் இருந்து எடுத்த அதே பைட்டுகள். பைட் எப்படி மாறும்? அப்போது என்னிடம் இருந்த வாதம் இது ஒன்றுதான். பைட்டைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. மற்ற எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு வாரம் ஆனது.

பரணில் இருந்து இறங்கியது

வாதம் முடியாமல் போனதால் பெரியம்மா பரணைக் காட்டினார். பழைய எவர்சில்வர் அண்டாவுக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள், 1996 தீபாவளிக்கு வேலூர் லாங் பஜாரில் வாங்கிய பெட்டி. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, '64 இன் 1' என்று ஒட்டிய மஞ்சள் கேசட். அடாப்டரைக் காணோம். பெட்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்தில் ஒரே உள்ளுறுப்பைப் பத்து பெயரில் விற்றார்கள், பெயரால் ஒன்றும் தெரியவராது. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல், அவ்வளவுதான். நம் ஊரில் அசலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நகல்தான் நமக்கு அசல்.

திறந்து பார்த்தபோது முதல் நல்ல செய்தி கிடைத்தது. பின்னாளில் வந்த மலிவு பெட்டிகளில் எல்லாமே ஒரே கருப்புச் சொட்டுக்குள் அடங்கியிருக்கும், எதையும் படிக்க முடியாது. இது அதற்கு முந்தைய தலைமுறை. சிப்புகள் தனித்தனியாக, எண் அழியாமல் இருந்தன. பெரிய சிப் இரண்டிலும் தைவான் யுஎம்சி நிறுவனத்தின் முத்திரை: கணக்குப் போடுவது யுஏ6527பி, படம் வரைவது யுஏ6538. பக்கத்தில் சிப்புகளுக்குத் துடிப்பு கொடுக்கும் 26.601 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இந்த மூன்று எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அப்போது அவற்றின் அருமை தெரியாது, பழக்கத்தில் எடுத்தது.

பெட்டி உயிர் பெற வேலூர் சைதாப்பேட்டையில் டிவி ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். வீட்டில் கிடந்த ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு முறைத்தார். பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று போர்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். ரவுட்டர் அடாப்டரில் பிளஸ் நடுவில். இந்தப் பெட்டி மைனஸை நடுவில் எதிர்பார்த்தது. செருகியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அப்புறம் மின்சாரத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் 7805 ரெகுலேட்டருக்கு முன்னால் இருந்த கண்டன்சரைக் காட்டினார். மண்டை உப்பியிருந்தது.

"செத்துப்போச்சுபா. ஆஸ்பெஸ்டாஸ் கீழ, பரண் மேல, அதுவும் நம்ம ஊர் வெயில்ல முப்பது வருஷம் வச்சா இன்னா ஆவும்?"

கண்டன்சர் மாற்றி, ஈயப் பற்று விட்டுப்போயிருந்த நான்கைந்து இடங்களில் மறுபடி ஈயம் வைத்தார். கேசட் பற்களை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். சின்ன வயதில் எல்லோரும் கேசட்டை வாயால் ஊதினோமே, அந்த எச்சில் ஈரம் பற்களைப் பாழாக்கியதற்கான சாட்சி பச்சையாகப் பஞ்சில் வந்தது.

ஸ்டாப்வாட்ச்

பாய் கடையின் பழைய டிவியில் படம் வந்ததும் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். "இதான்டா!" என்றார். அதை ஆதாரமாக எழுதி வைக்க முடியாது. வேகத்தை எப்படி அளப்பது?

வழி மாரியோவுக்குள்ளேயே இருந்தது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முதல் கட்டத்தில் மேலே 'டைம்' 400இல் தொடங்கி இறங்கும். அது நிஜ விநாடி இல்லை. திரையில் 24 ஃபிரேம், அதாவது 24 படம், ஓடினால் ஓர் எண் குறையும். 100ஐத் தொட்டதும் எச்சரிக்கை ஒலி வந்து பாட்டு வேகம் எடுக்கும். மாரியோவை நகர்த்தாமல் நிறுத்தி வைத்தால் எந்த எதிரியும் வராது. ஆக, 400இல் இருந்து 100 வரை 300 எண்ணிக்கை, 7,200 ஃபிரேம். ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும், பெட்டி ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

எமுலேட்டரில் மூன்று முறை பார்த்தேன். மூன்றிலும் 2 நிமிடத்தை ஒட்டியே நின்றது. பரண் பெட்டியில் 2 நிமிடம் 24 விநாடி. என் கை தப்பு அரை விநாடி இருக்கலாம், 24 விநாடி இருக்காது.

இரண்டு நிமிடத்தில் முடிவது 60 ஃபிரேம் கணக்கு. ஜப்பானும் அமெரிக்காவும் பயன்படுத்திய என்டிஎஸ்சி முறை. 2.24 என்பது 50 ஃபிரேம் கணக்கு. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் டிவி இந்தியாவுக்கு வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பால் (PAL) என்ற முறை: 625 வரி, பாதிப் பாதியாக விநாடிக்கு 50 முறை. நம் டிவிக்கு ஏற்பச் செய்த நகல் பெட்டியும் 50இல்தான் ஓடும். அந்தக் கால கேம்கள் ஃபிரேமையே கடிகாரமாக வைத்து எழுதப்பட்டவை. ஃபிரேம் குறைந்தால் மாரியோவும் மெதுவாக நடப்பான், ஆமையும் மெதுவாக வரும், பாட்டும் மெதுவாகப் பாடும். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைவு. அண்ணன் சொன்ன 'நடக்கும்' அதுதான்.

சுதி

சரி, எமுலேட்டரில் பால் என்று மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். மாற்றினேன். 2.24 வந்தது. சந்தோஷமாக அண்ணனுக்குப் பதிவு செய்து அனுப்பினேன். பதில் குரல் செய்தியாக வந்தது: "வேகம் சரிடா. சுதி இறங்கிப்போச்சு. அரைக்கட்டைக்கு மேல இறங்கியிருக்கு."

ஆர்மோனியக்காரரிடம் மாட்டிக்கொண்டால் இப்படித்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு வேண்டும். அந்தச் சிப்பில் ஒரு ஸ்வரத்தின் அதிர்வெண் சிப்பின் கடிகாரத்தை ஓர் எண்ணால் வகுத்து வருவது. ஜப்பான், அமெரிக்க மாடலின் கடிகாரம் 1.789 மெகாஹெர்ட்ஸ். அதில் 440 ஹெர்ட்ஸாக ஒலிக்கும் ஸ்வரம், ஐரோப்பாவுக்கு வந்த அதிகாரபூர்வ பால் மாடலில் (1.662 மெகாஹெர்ட்ஸ்) 409ஆக விழும். அரைக்கட்டைக்கு மேலேயே. ஆனால் பரண் பெட்டியில் போன் டியூனர் காட்டியது 436 பக்கம். காதுக்கு அது பழைய சுதிதான். வேகம் ஐரோப்பா மாதிரி, சுதி ஜப்பான் மாதிரி. இரண்டு மாடலிலும் சேராத மூன்றாவது ஒன்று.

அப்போதுதான் போட்டோவில் இருந்த கிரிஸ்டலைக் கவனித்தேன். 26.601ஐ அதிகாரபூர்வ பால் மாடல் 16ஆல் வகுக்கிறது. யுஎம்சி சிப் 15ஆல் வகுக்கிறது: 1.773. சின்ன வித்தியாசம், ஆனால் அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஜப்பான் மாடலில் கணக்குச் சிப் ஒரு துடிப்பு துடிப்பதற்குள் படச் சிப் மூன்று புள்ளி வரையும். சரியாக மூன்று. கேம் எழுதியவர்கள் அந்த மூன்றை நம்பித்தான் எழுதினார்கள். ஐரோப்பிய மாடலில் அது 3.2 ஆனதால், பல கேம்களைத் திருத்தித்தான் அங்கே வெளியிட வேண்டியிருந்தது. நகல் செய்தவர்களுக்கு அந்தத் திருத்தமெல்லாம் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு ஜப்பான் கேசட் அப்படியே ஓட வேண்டும். அதனால் 15ஆல் வகுத்து மூன்றைக் காப்பாற்றினார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பால் முறையில் ஒரு ஃபிரேமுக்கு 312 வரி, என்டிஎஸ்சியில் 262. மிச்சம் 50 வரியை எங்கே ஒளிப்பது? படம் வரைந்து முடித்ததும் ஜப்பான் மாடல் ஒரு வரி சும்மா இருந்துவிட்டு 'இடைவேளை' மணி அடிக்கும். கேம் தன் வேலைகளைச் செய்துகொள்ளும் நேரம் அது. யுஎம்சி சிப் 51 வரி சும்மா இருந்துவிட்டு அதே மணியை அடிக்கிறது. இடைவேளையின் நீளம் மாறவில்லை, மணிதான் தாமதம். கேமுக்குத் தான் வேறு ஊரில் ஓடுகிறோம் என்பதே தெரியாது.

திருட்டு நகல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். இதை யோசித்த இன்ஜினியர் யாரோ, எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

எமுலேட்டரில் இதற்கான அமைப்பு பல வருடமாக என் கண் முன்னேயே இருந்தது. மெனுவில் என்டிஎஸ்சி, பால், மூன்றாவதாக 'டெண்டி'. டெண்டி என்பது 1992 முதல் ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர். நமக்கு வந்த அதே யுஎம்சி வம்சம். அங்கே விளையாடி வளர்ந்தவர்கள் தங்கள் பெட்டியின் குணத்தை அளந்து, எழுதி வைத்து, திறந்த மூல எமுலேட்டர்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். குடியாத்தம் பரணில் கிடந்ததற்கு ரஷ்யப் பெயர். டெண்டியைத் தேர்ந்தெடுத்தேன். 2.24, சுதியும் சரி.

மூக்கால் பாடிய மாரியோ

அண்ணன் அப்போதும் விடவில்லை. "எல்லாம் சரிடா. குரல் வேற. நம்மளுது மூக்கால பாடும்."

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. ஸ்பீக்கர் வித்தியாசம் என்று சொல்லி முடிக்கப் பார்த்தேன். பரண் பெட்டியையும் லேப்டாப்பையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கொடுத்த பிறகு எனக்கே கேட்டது. லேப்டாப்பில் பாட்டு புல்லாங்குழல் போல உருண்டு வந்தது. பெட்டியில் அதே ஸ்வரம் நாதஸ்வரம் போல நசுங்கி, கூர்மையாக.

காரணம் மறுபடியும் யுஎம்சி சிப்தான். மெட்டுப் பாடும் சேனலுக்கு நான்கு குரல் உண்டு. அலை மேலே நிற்கும் நேரம் 12.5, 25, 50, 75 சதவீதம். 50 என்றால் உருண்டை, 25 என்றால் மூக்கு. யுஏ6527பி சிப்பில் 25உம் 50உம் இடம் மாறி வயர் ஆகியிருக்கின்றன. தவறா, வேண்டுமென்றே செய்ததா என்பது சிப்பைப் பார்த்துத் தெரிவதில்லை. மாரியோ பாட்டு கேட்பது 50, கிடைப்பது 25. எமுலேட்டரின் ஒலி அமைப்பில் இதற்கும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. திறந்த மூலம் என்பதால் நிரலைத் திறந்து அது என்ன செய்கிறது என்று பார்த்தேன். இரண்டு எண்களை இடம் மாற்றுகிறது, வேறொன்றும் இல்லை.

அண்ணனைக் காட்பாடிக்கு வரவழைத்தேன். திரையை அவருக்குக் காட்டாமல் அந்த டிக்கை எட்டு முறை மாற்றியும் மாற்றாமலும் போட்டேன். எது பெட்டியின் குரல் என்று சொல்வதில் ஒரு முறைதான் தவறினார்; அதுவும் தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்த நேரம்.

கேசட்

கேசட்டுக்குள் இருப்பதை எடுக்க ஓப்பன் சோர்ஸ் கார்ட்ரிட்ஜ் ரீடர் என்ற கருவியைச் செய்தேன். அர்டுயினோ மெகா 2560 போர்டை மூளையாகக் கொண்டது, வரைபடமும் நிரலும் யாரும் எடுத்துச் செய்யலாம். ஃபேமிகாம் வகைக் கேசட்டுக்கு 60 பல். முதல் முயற்சியில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. இந்த மாதிரி கேசட்டில் எந்த எண்ணை எழுதுகிறோம் என்பது பொருட்டில்லை, எந்த முகவரியில் எழுதுகிறோம் என்பதை வைத்துத்தான் கேம் மாறும். வீட்டுக்குள் என்ன பேசினாய் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கதவைத் தட்டினாய் என்று மட்டும் பார்ப்பது போல. அது புரிந்ததும் முழுதும் வந்தது: ஒன்றரை மெகாபைட். இன்றைக்குப் போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பெரிது. பிரதி பிழையில்லாமல் வந்ததா என்று ஒப்பிட உதவுவது சிஆர்சி எண்; முதல் இரண்டு பிரதியில் அது ஒத்துப்போகவில்லை. பல்லை மறுபடி துடைத்து எடுத்த மூன்றும் ஒத்தன.

மெனுவில் 64 பெயர். சில பெயர்கள் ஒரே கேமின் வேறு கட்டம். பல கேம்களின் முகப்பில் நிறுவனத்தின் பெயர் இருந்த வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார்.

இதை யாருக்கும் கொடுக்கவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் சேதத்துக்கு எதிராகக் காப்புப் பிரதி எடுக்க அனுமதிக்கிறது. ஆனால் இந்தக் கேசட்டே திருட்டுப் பிரதி. 'சட்டப்படி' என்ற சொல் எங்களுக்குப் பொருந்தும் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. எமுலேட்டர் வேறு விஷயம்: 2000இல் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் செய்தவர் பக்கம் நின்றது. நான் பொதுவில் வைத்தது போர்டின் படங்கள், சிப் எண்கள், அளவுகள், சிஆர்சி எண், மெனு எப்படி வேலை செய்கிறது என்ற குறிப்பு. பிள்ளைகளின் லேப்டாப்பில் இப்போது சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய கேம் இருக்கிறது. திறந்த மூலம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாரியோவைவிட அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.

துப்பாக்கி

துப்பாக்கிக்கு வேறு கதை. வாத்துச் சுடும் கேமில் விசையை அழுத்தியதும் திரை ஒரு ஃபிரேம் முழுக்கக் கறுக்கும், அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் இருப்பது ஒளி உணரி. டிவிதான் சுடுகிறது, துப்பாக்கி பார்க்கிறது. பழைய குழாய் டிவி விநாடிக்கு 15,000க்கும் மேல் வரி வரைவதால் வரும் துடிப்பைத்தான் அது தேடும். எல்இடி டிவியில் அந்தத் துடிப்பு கிடையாது, படமும் தாமதமாக வரும். எமுலேட்டரில் மவுஸால் சுடலாம். அதைச் சுடுவது என்று சொல்ல மாட்டேன்.

குழாய் டிவி தேடி காயலான் கடைக்குப் போனோம். 2006இல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச 14 அங்குல கலர் டிவி ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைத்தது. பின்னால் ஏவி ஜாக் இருந்தது. குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் எல்ஓடியைப் பாய் சுத்தம் செய்து கொடுத்தார். உள்ளே கை வைக்க என்னை விடவில்லை. அணைத்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். முதல் வாத்து விழுந்தது. அரசு லேப்டாப்பில் எமுலேட்டர், அரசு டிவியில் அசல் பெட்டி என்று மேசை நிறைந்தது.

பெட்டி இல்லாத பைட்டுகள் என்றால் எனக்கு வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வருகிறது. 1981 வரை ஜலகண்டேஸ்வரர் கோவில் கோட்டைக்குள் இருந்தது, சாமி கோட்டைக்கு வெளியே சத்துவாச்சாரியில் இருந்தார்.

கடைசி வேலை

கேம் கோப்பின் தலையில் 16 பைட் முகவரிச் சீட்டு ஒன்று இருக்கும். அதன் புதிய வடிவமான என்இஎஸ் 2.0இல், சுழியில் இருந்து எண்ணினால் 12ஆவது பைட், எந்த ஊர் வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும். 0 என்டிஎஸ்சி, 1 பால், 2 இரண்டுமே, 3 யுஏ6538. நம் சிப்புக்கென்று ஓர் எண் உண்டு. எங்கள் பிரதியில் அதை 3 ஆக்கினேன். குரலுக்கு அதில் இடம் இல்லை, டிக்கைக் கையால்தான் போட வேண்டும். அதைத் தனிக் குறிப்பாக எழுதி வைத்தேன். லேப்டாப் திரை 60இல் ஓடுவதால் 50 ஃபிரேம் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு 50 ஹெர்ட்ஸ் அனுப்பியதும் வழுக்கிக்கொண்டு போனது.

ஆடியில் மறுபடி குடியாத்தம் போனேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுக்கக் கேட்டார். கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாம் சரிடா. ஆனா வானம் பச்சையா இருக்கணும்."

"வானம் நீலம்தான் அண்ணா. அது நம்ம வீட்டு டிவியோட கோளாறு."

"இருக்கட்டும். அதையும் போடு."